படுக்கையும் வீடும்: மருத்துவ அருட்பணியின் பொருளாதாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருமண்டலப் பேரவைகளில் மருத்துவமனைகளின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, ஆயர்களாகிய நம்மிற் பலர் வாய் திறவாது இருந்துவிடுகிறோம். பற்றாக்குறை எவ்வளவு, கட்டணத்தை எவ்வளவு உயர்த்தலாம், எந்தப் பிரிவை மூடலாம் என்னும் வினாக்கள் மருத்துவருக்கும் பொருளாளருக்கும் உரியவை என்று எண்ணுகிறோம். இறையியற் கல்லூரிகளிலும் நிலைமை இதுவே. சுகமளிக்கும் ஊழியத்தின் திருமறை அடிப்படையைக் கற்கிறோம். அவ்வூழியத்துக்கு ஆகும் செலவு யாரிடமிருந்து வருகிறது, அது யாருக்குப் பயன்படுகிறது, யாரை எட்டாமலே நின்றுவிடுகிறது என்பதைக் கற்பதில்லை.

பொருளாதாரம் என்றவுடன் இலாபம் ஈட்டும் கலை என்று பொருள்கொள்வது தவறு. தேவைகள் பல, வழிவகைகள் சில என்னும் நிலையில் எதைத் தெரிந்துகொள்வது என்பதே அத்துறையின் முதல் வினா. ஒன்றைத் தெரிந்துகொள்ளும்போது மற்றொன்றை நாம் கைவிடுகிறோம். அவ்வாறு கைவிடப்பட்டதன் மதிப்பை வாய்ப்புச் செலவு என்பர். மருத்துவத் துறையில் கைவிடப்படுவது பெரும்பாலும் ஓர் உயிராகவே இருக்கிறது. ஆகவே இவ்வினா திருச்சபைக்குப் புறம்பானதாக இருக்க இயலாது.

இவ்வுண்மையைத் திருச்சபையும் அரசும் கற்றுக்கொண்ட வரலாற்றில் காசநோய்க்குத் தனி இடம் உண்டு. அவ்வரலாற்றின் திருப்புமுனை நம்முடைய சென்னையிலேயே நிகழ்ந்தது. அதனை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

1. சானடோரியமும் அருட்பணியும்

காசநோயை உண்டாக்கும் கிருமியை 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்தார். எனினும் அதனை அழிக்கும் மருந்து அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. தூய காற்று, முழு ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாகக் கருதப்பட்டன. இவற்றை வழங்குவதற்கென ஊருக்கு வெளியே, மரங்கள் சூழ்ந்த இடங்களில் எழுந்தவையே சானடோரியங்கள்.

இந்தியாவில் இவ்வகை நிலையங்களைத் தொடங்கியதில் திருச்சபைகள் முன்னின்றன. 1906-இல் ஆஜ்மீர் அருகே திலோனியாவில் கிறிஸ்தவ அருட்பணியாளர் தொடங்கியதே நாட்டின் முதல் திறந்தவெளிச் சானடோரியமாகும். தென்னிந்தியாவில் பல மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடி, மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் ஒரு சானடோரியத்தைத் திறந்தன. டென்மார்க் நாட்டு அருட்பணி மருத்துவரான கிறிஸ்தியன் பிரிமொட்-மொல்லர் அதனை வளர்த்தார். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய அனுபவமுடைய டேவிட் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் ஒரு நிலையத்தை நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்றும் அப்பகுதியின் இரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம் என்றே வழங்குகிறது.

இந்நிலையங்களில் வெளிப்பட்ட அன்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. உறவினரே தொட அஞ்சிய நோயாளியை அவை ஏற்றுக்கொண்டன. ஆயினும் அவற்றின் கணக்கில் ஒரு பெரும் இடர் இருந்தது. ஒரு நோயாளி மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், ஒரு படுக்கையில் இருக்கவேண்டும். 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 25 இலட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும் அவர்களுக்கென இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000 மட்டுமே என்றும் மதிப்பிட்டது. அஃதாவது, நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஒரு படுக்கை.

அப்படுக்கையில் இருந்தவரை நாம் அறிவோம். அவருக்காகச் செபித்தோம், அவருக்கெனக் காணிக்கை திரட்டினோம். வெளியே நின்ற நானூறு பேர் எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறவில்லை. மருத்துவமனையின் வாயிலுக்குள் வந்தவரை எண்ணுவதே நம் வழக்கமாயிருந்தது. வராதவரையும் எண்ணவேண்டும் என்று கற்பித்ததே பொருளாதார நோக்கு நமக்குச் செய்த முதல் தொண்டு.

2. சென்னை ஆய்வு

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்னும் மருந்தும் வந்தன. 1952-இல் ஐசோனியசிட் பயன்பாட்டுக்கு வந்தது. விலை மலிவான மாத்திரை ஒன்று இந்நோயைக் குணப்படுத்தக்கூடும் என்னும் நிலை முதன்முறையாக ஏற்பட்டது. இதனால் எழுந்த வினா இதுவே: மருந்தே குணமாக்குமாயின், படுக்கை எதற்கு? காற்றும் ஓய்வும் உணவும் இன்றியமையாதன எனில், நாடு இலட்சக்கணக்கான படுக்கைகளை அமைத்தாகவேண்டும். அதற்கான பொருள் எந்தக் கருவூலத்திலும் இல்லை. மருந்தே போதுமெனில், நோயாளியை அவர் வீட்டிலேயே குணமாக்கலாம்.

இதற்கு விடை காண 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் அப்பணியை வழிநடத்தினார். நகரின் ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மறு பிரிவினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஐசோனியசிட், பாஸ் ஆகிய ஒரே மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன. வீட்டிலிருந்தவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றனரா என்று, முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று சோதித்தனர்.

வீட்டிலிருந்தோரின் நிலையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். அவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். உடல் சற்றுத் தேறியவுடன் வேலைக்குப் போயினர். அவர்களது உணவு சானடோரிய உணவைவிட மிகத் தாழ்ந்ததாயிருந்தது. பழைய கொள்கையின்படி அவர்கள் தேறியிருக்கவே கூடாது. ஆனால் 1959-இல் வெளியான முடிவு வேறாக இருந்தது. ஓராண்டு இறுதியில் சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த உறவினருக்கு, அதனால் கூடுதலான தொற்று ஏற்படவில்லை என்பதும் தொடர்ந்த ஆய்வில் தெளிவாயிற்று.

இதன் பொருளாதார விளைவு மிகப் பெரிது. ஒருவரை ஓராண்டு படுக்கையில் வைத்துப் பேணும் செலவில் பலரை வீட்டில் வைத்துக் குணமாக்கலாம் என்பது உறுதியாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன, அல்லது பொது மருத்துவமனைகளாக உருமாறின. ஏழை நாட்டின் வறுமையிலிருந்து எழுந்த ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையைச் செல்வ நாடுகளும் பின்பற்றின. சென்னையின் ஏழைக் குடும்பங்கள் உலகுக்கு அளித்த கொடை இது எனலாம்.

3. வராதவர் யார்?

மலிவான மருந்து கிடைத்தாயிற்று. நோயாளியை எங்ஙனம் கண்டுபிடிப்பது? மக்கள் அறியாமையால் மருத்துவரிடம் வருவதில்லை, ஆகவே நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளை ஊர்தோறும் அனுப்பவேண்டும் என்பது அக்காலத்து நிபுணர் பலரின் கருத்து. 1959-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிலையம் இக்கருத்தை ஆராய்ந்தது. தேபபர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் என்னும் இருவர் தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆய்வு நடத்தி, 1963-இல் தம் முடிவை வெளியிட்டனர். இருமல் முதலிய நோய்க்குறிகளை உடையோரில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்துக்குச் சென்று வந்திருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்தே.

அறியாமை மக்களிடத்தில் இருக்கிறது என்று நினைத்தவர்களுக்கு இஃது ஓர் இடித்துரையாகும். விலையுயர்ந்த வண்டிகளைவிட, ஏற்கெனவே வருகின்ற நோயாளியின் சளியைச் சோதிக்கும் ஓர் எளிய நுண்ணோக்கியே மிகுந்த பயன் தரும் என்பது புலப்பட்டது. 1962-இல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் இவ்வழியில், பொது மருத்துவ நிலையங்கள் வாயிலாகவே நோயைக் கண்டறிந்து வீட்டுச் சிகிச்சை அளிக்க முனைந்தது.

அதே 1963-இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ, மருத்துவச் சேவை ஏனைய பண்டங்களைப் போன்றதன்று என்பதை ஒரு கட்டுரையில் விளக்கினார். அரிசி வாங்குபவர் தமக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அறிவார். அரிசி நல்லதா என்று பார்த்து வாங்குவார். நோயாளியோ எப்போது நோயுறுவோம் என்பதை அறியார்; எந்தச் சிகிச்சை பயன்தரும் என்பதையும் அறியார். விற்பவரான மருத்துவரையே அவர் நம்பியிருக்கவேண்டும். ஆகவே சந்தை ஒழுங்கு மட்டும் இங்கே போதாது. நம்பிக்கையும் ஒருவரையொருவர் தாங்கும் ஏற்பாடுகளும் வேண்டும். பலமுறை சென்றும் இருமல் மருந்தோடு திரும்பிய தும்கூர் ஏழையின் நிலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

4. டூபிங்கனும் அல்மா ஆட்டாவும்

இக்காலத்திலேயே திருச்சபைகளும் தம் மருத்துவப் பணியை மறு ஆய்வு செய்யலாயின. ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருச்சபை மருத்துவமனைகள் இருந்தன. அவற்றிற் பல பழமையடைந்திருந்தன. நடத்தும் செலவோ ஆண்டுதோறும் ஏறிவந்தது. 1964-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், உலகத் திருச்சபைகள் மாமன்றமும் உலக லுத்தரன் சம்மேளனமும் கூட்டிய ஆலோசனை அவை, சுகமளிக்கும் ஊழியம் மருத்துவர் சிலரிடம் ஒப்படைக்கப்பட்ட தனித்தொழிலன்று, சபை முழுவதற்கும் உரிய அழைப்பு என்று அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 1968-இல் ஜெனீவாவில் கிறிஸ்தவ மருத்துவ ஆணைக்குழு அமைந்தது. அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் மக்கில்வரே. திருச்சபைகளின் மருத்துவச் செலவில் மிகப் பெரும் பகுதி மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பதும், அங்கே சேர்க்கப்படுவோரிற் பலருடைய நோய் தடுக்கக்கூடியதே என்பதும் அக்குழு கண்ட உண்மைகள்.

வேலூரில் பயின்ற மருத்துவத் தம்பதியரான ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபல் ஆரோலேயும் 1970-இல் மகாராஷ்டிரத்து ஜாம்கேட் பகுதியில் தொடங்கிய பணி இச்சிந்தனைக்குச் செயல்வடிவம் தந்தது. எழுத்தறியாத கிராமப் பெண்கள், அவர்களுள்ளும் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர், தத்தம் ஊரின் நலப்பணியாளராயினர். இத்தகைய முயற்சிகளை ஆணைக்குழு உலக சுகாதார நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநராக 1973-இல் பொறுப்பேற்ற ஹால்ப்டன் மாலர், டென்மார்க் நாட்டுப் பாப்டிஸ்டுப் போதகர் ஒருவரின் மகன். 1950-களில் பல ஆண்டுகள் இந்தியாவில் காசநோய்ப் பணியில் ஈடுபட்டவர். சென்னை, பெங்களூர் ஆய்வுகளின் காலத்தில் இங்கே உழைத்தவர். 1974-இல் இரு அமைப்புகளும் ஒன்றுகூடிப் பேசின. 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் கசக்ஸ்தானின் அல்மா ஆட்டாவில் 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, அடிப்படை நலப்பணி எல்லா மக்களுக்கும் உரியது என்று அறிக்கையிட்டனர். சேத்துப்பட்டில் தொடங்கிய வினாவையும் டூபிங்கனில் எழுந்த வினாவையும் அவ்வறிக்கையின் பின்னணியில் ஒருங்கே காண்கிறோம். இரண்டும் படுக்கையிலிருந்து வீட்டை நோக்கி நம் பார்வையைத் திருப்பின.

5. கணக்கில் விடுபட்டவை

இவ்வளவில் நிறுத்தினால் இஃது ஒரு வெற்றி வரலாறாக முடிந்துவிடும். உண்மை அத்துணை எளிதன்று. வீட்டுச் சிகிச்சை அரசுக்கும் திருச்சபைக்கும் செலவைக் குறைத்தது. அச்செலவில் ஒரு பகுதி மறைந்துபோகவில்லை. நோயாளியின் தோளுக்கு மாறிற்று.

நாம் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில், செங்கற்சூளையில் உழைத்த குடும்பத் தலைவர் ஒருவர் மூன்றாம் மாதத்தில் காசநோய் மருந்தை நிறுத்திவிட்டார். இலவசமாகக் கிடைப்பதைக்கூடப் பெற்றுக்கொள்ளாத அவருடைய அசட்டையை நாம் கடிந்துகொண்டோம். பின்னரே அவருடைய மனைவி வாயிலாக உண்மையை அறிந்தோம். மருந்து வாங்கச் செல்லும் ஒவ்வொரு நாளும் கூலி போயிற்று. பேருந்துக்குப் பணம் வேண்டியிருந்தது. மாத்திரை பசியைக் கிளப்பியது, வீட்டில் சோறு இல்லை. மருந்தின் விலையை நாம் அறிந்திருந்தோம். குணமடைவதன் விலையை அறிந்திருக்கவில்லை.

நம் அனுபவம் தனிப்பட்டதன்று. சென்னை ஆய்வு மையத்தினர் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒரு காசநோயாளி சராசரியாக 83 வேலை நாட்களை இழக்கிறார் என்று காட்டிற்று. அதனால் குடும்பங்கள் கடன்பட்டன. பிள்ளைகளின் படிப்பு நின்றது.

உணவைப் பற்றிய முடிவும் திருத்தம் பெற்றது. 1959-ஆம் ஆண்டு முடிவுகள், தாழ்ந்த உணவு உண்டவரும் மருந்தினால் தேறுவர் என்று காட்டின. நோயாளிக்கு உணவளிப்பது திட்டத்தின் வேலையன்று என்று பலர் அதனைப் பொருள்கொண்டனர். ஆய்வு அவ்வாறு கூறவில்லை. சிக்கனத்தை நாடிய மனமே அவ்வாறு வாசித்தது. ஜார்க்கண்டில் 2019-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், நோயாளிகளின் வீட்டாருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. இவ்வுணவைப் பெற்ற குடும்பங்களில், பெறாத குடும்பங்களைவிடப் புதிதாகக் காசநோய் ஏற்படுவது 39 விழுக்காடு குறைந்தது என்னும் முடிவு 2023-இல் வெளிவந்தது. பழைய சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதிற் பங்குண்டு. மருந்து நோயாளியைக் குணமாக்கிற்று. அரிசியும் பருப்பும் அவருடைய குழந்தைகளைக் காத்தன.

படுக்கையைப் பற்றிய பாடமும் முழுமை பெறவேண்டியிருந்தது. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டவுடன் ஒவ்வொருவரும் எளிய முறையில் சோதிக்கப்படுகின்றனர். மிகவும் மெலிந்தவர், மூச்சுத் திணறுபவர், துணையின்றி எழுந்து நிற்க இயலாதவர் ஆகியோர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். எல்லாருக்கும் படுக்கை வேண்டும் என்ற காலமும், எவருக்கும் வேண்டா என்ற எண்ணமும் கடந்து, யாருக்கு வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு நாம் வந்துள்ளோம்.

முடிவுரை

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு சுமந்துவருகின்றனர். ஆண்டவர் அவனைக் குணமாக்கி, படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி கட்டளையிடுகிறார். அவன் எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்பாகப் புறப்பட்டுப் போகிறான். சுகமளித்தலின் முடிவு வீடு என்பதை மருத்துவ அருட்பணி நெடுங்காலம் மறந்திருந்தது. சென்னை ஆய்வு அதனை நினைவூட்டிற்று. சுமந்துவந்த நால்வரைச் சிக்கனக் கணக்கு மறந்தது. செங்கற்சூளைத் தொழிலாளியின் இல்லமும் ஜார்க்கண்டின் குடும்பங்களும் அதனை நினைவூட்டுகின்றன.

ஆகவே, மருத்துவமனைக் கணக்கு பேரவையில் வாசிக்கப்படும்போது ஆயர்கள் மூன்று வினாக்களையேனும் எழுப்பவேண்டும் என்று கருதுகிறோம். இந்தத் தொகையைக் கொண்டு நம் வாயிலுக்குள் வராத எத்தனை பேருக்கு உதவியிருக்கலாம்? நாம் மிச்சப்படுத்திய செலவை இப்போது யார் சுமக்கின்றனர்? நம்மிடம் எஞ்சியுள்ள படுக்கைகள், எழுந்து நிற்க இயலாதவருக்குக் கிடைக்கின்றனவா, கட்டணம் செலுத்த இயன்றவருக்குக் கிடைக்கின்றனவா?

இவற்றுள் இரண்டாம் வினா சபைகளுக்கும் உரியது. ஒரு நோயாளியின் கூலி இழப்பையும் பேருந்துச் செலவையும் ஆறு மாத அரிசியையும் ஏற்பது மருத்துவமனை கட்டுவதைப் போன்று பெருஞ்செயலன்று. நம் சேகரங்களின் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு சிறு பகுதி அதற்குப் போதும். திமிர்வாதக்காரனைச் சுமக்க நால்வர் போதுமாயிருந்தனர். நம் சேகரத்தில் இன்று மருந்து உட்கொள்பவர் யார் என்று விசாரித்தறிவதிலிருந்து இப்பணியை நாம் தொடங்கலாம்.